புதுப்பித்த பயிற்சி நிலையக் கட்டடம்: அலுவலகத்துக்கு விற்பதா, பள்ளிக்கு விற்பதா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு 7 கிரவுண்டு (கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி) நிலமும், அதில் தரைத்தளத்துடன் இரண்டு மாடிக் கட்டடமும் உள்ளன. மொத்தம் 15,000 சதுர அடி. அப்பா 1998இல் கட்டி, கீழே தொழிற்பயிற்சி நிலையமும் மேல்தளத்தில் மாணவர் விடுதியும் நடத்தினார். நிலையத்தை மூடிய பிறகு, 2023இல் டைல்ஸ், வயரிங், கழிப்பறை, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் மாற்றினோம். அலுவலகத்துக்கோ கல்வி நிறுவனத்துக்கோ விற்க நினைக்கிறோம். பார்த்தவர்களுக்குக் கட்டடம் பிடிக்கிறது. பேப்பர்களை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவதில்லை. விலையையும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பதில்: பிடித்துப்போனவர் பேப்பரைப் பார்த்தபின் வரவில்லை என்றால், தடை பெரும்பாலும் பேப்பரில்தான் இருக்கும். இந்த அளவுள்ள கட்டடத்தை வாங்குபவர், அதை எந்த உபயோகத்துக்குச் சட்டப்படி பயன்படுத்தலாம் என்பதற்குத்தான் பணம் தருகிறார். டைல்ஸும் பெயிண்டும் அவரைக் கேட் வரைக்கும் கொண்டுவரும். அதற்குமேல் அவருடைய வக்கீலும் வங்கியும்தான் முடிவு செய்வார்கள். எனவே விளம்பரத்தைச் சில மாதம் நிறுத்திவிட்டு, யாருக்கு விற்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அலுவலகத்துக்கு வாங்குபவர் கேட்கும் சான்றுகள் வேறு, பள்ளி நடத்துபவர் கேட்பவை வேறு.

முதலில் அனுமதி வரைபடத்தை எடுங்கள். 1998இல் மாடம்பாக்கம் போன்ற இடங்களில் உள்ளாட்சி அமைப்பின் முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு கட்டியவர்கள் பலர். சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் 15,000 சதுர அடி நிறுவனக் கட்டடத்துக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தரும் திட்ட அனுமதி வேண்டும். உள்ளாட்சி அனுமதி மட்டும் போதாது. திட்ட அனுமதி எண் இருந்தால், அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டடத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள். மாறுதல் எங்கே இருக்கும் என்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம்: பக்கவாட்டுக் காலியிடத்தில் பின்னால் போட்ட ஷெட், மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஹால், வண்டி நிறுத்த விட்ட இடத்தை அடைத்து எழுப்பிய அறை. விற்பதற்கு முன் இவற்றைப் பிரித்துவிடுவது, முறைப்படுத்த ஓடுவதைவிடச் செலவு குறைவு.

அனுமதியே இல்லை என்றால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007க்கு முன் கட்டிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த வழி தருகிறது. உங்கள் கட்டடம் 1998ஐச் சேர்ந்தது என்பதை மின் இணைப்புத் தேதி, சொத்துவரி ரசீது இரண்டையும் வைத்து நிரூபிக்கலாம். விண்ணப்பம் இப்போது ஏற்கப்படுகிறதா என்பதை சி.எம்.டி.ஏ.வில் நேரில் கேட்டுவிட்டு இதில் இறங்குங்கள்.

அடுத்தது நில உபயோக வகை. 2008இல் நடைமுறைக்கு வந்த, சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் மாஸ்டர் பிளானில் உங்கள் சர்வே எண் எந்த வகையில் விழுகிறது என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். ‘நிறுவன’ வகையில் இருந்தால் பள்ளிக்கும் பயிற்சி மையத்துக்கும் பாதை நேர். தனியார் அலுவலகத்துக்கு நில உபயோக மாற்றம் தேவைப்படலாம். ‘முதன்மைக் குடியிருப்பு’ என்றால் 15,000 சதுர அடியையும் அலுவலகமாக்குவது எளிதல்ல. ‘வணிகம்’ என்றால் அலுவலகக்காரரிடம் உங்கள் கை ஓங்கும். நில உபயோக மாற்றம் என்பது விளம்பரம், ஆட்சேபணை, குழு ஆய்வு என்று மாதக்கணக்கில் போகும் வேலை. அதை வாங்குபவர் தலையில் கட்டினால் அந்தக் காலத்துக்கான வட்டியை உங்கள் விலையில்தான் கழிப்பார்.

பள்ளிக்கு விற்பதாக இருந்தால் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. பள்ளி அங்கீகாரத்துக்கான குறைந்தபட்ச நில அளவு மாநகராட்சியில் 6 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர். மாடம்பாக்கம் பேரூராட்சியாக இருந்தவரை உங்கள் 7 கிரவுண்டு பள்ளிக்கு ஆகாது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாகி மாடம்பாக்கம் அதில் சேர்ந்தபின் அதே நிலம் அளவுகோலைத் தாண்டிவிட்டது. இதைப் பல தரகர்கள் இன்னும் கவனிக்கவில்லை. விளம்பரத்தில் ‘7 கிரவுண்டு’ என்பதோடு ‘மாநகராட்சி எல்லைக்குள்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடத்த நினைப்பவர் வகுப்பறை அளவையும் பார்ப்பார்: 8 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது சுமார் 500 சதுர அடி. விடுதி அறைகளை இடையில் உள்ள செங்கல் சுவரை எடுத்துச் சேர்க்க முடியுமா என்பது அங்கேதான் முக்கியமாகிறது. தூணும் பீமும் தாங்கும் கட்டடமாக இருந்தால் சுவரை எடுக்கலாம். சுவரே சுமை தாங்கினால் கை வைக்க முடியாது.

இப்போது கட்டடத்தின் பலம். விற்பவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இடம் இதுதான். இந்தியத் தர நிர்ணயம் 875, பகுதி 2இன்படி விடுதி அறைத் தளம் தாங்க வேண்டிய உபயோகச் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. வகுப்பறைக்கு 3. கோப்புகளைத் தனி அறையில் வைக்கும் அலுவலகத்துக்கு 2.5, எல்லாம் ஒரே ஹாலில் என்றால் 4. நூலகத்தில் அலமாரி அடுக்கும் அறைக்கு 6. உங்கள் மேல்தளம் விடுதிக்கென்று கணக்கிட்டுக் கட்டியிருந்தால், அது வகுப்பறைக்கே போதாமல் போகலாம். 2023இல் பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே டைல்ஸ் போட்டீர்களா என்பதையும் பாருங்கள். 40 மி.மீ. கலவையும் டைல்ஸும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் நிரந்தர எடை ஏறியிருக்கும். மொட்டைமாடியில் பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன்மேல் புதிதாக வெதரிங் கோர்ஸ் (வெயிலும் மழையும் தாங்கும் மேலடுக்கு) போட்டிருந்தால் அங்கும் இதே கதைதான்.

1998இன் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பதிவுபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கொண்டு கம்பி ஸ்கேன், கான்கிரீட்டின் உறுதியை உடைக்காமல் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகள், சில இடங்களில் கோர் (துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் உருளை) எடுத்துச் சோதனை ஆகியவற்றைச் செய்யுங்கள். கோர் எடுத்த புதுப் பரப்பில் பினாப்தலின் தெளிப்பார்கள். நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். கார்பனேற்றம் ஆன பகுதி, அதாவது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து காரத்தன்மை இழந்த பகுதி, நிறம் மாறாமல் நிற்கும். அந்த நிறமற்ற ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் துருவுக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். உப்பு போர்த் தண்ணீரில் கட்டிய புறநகர்க் கட்டடங்களில் குளோரைடு சோதனையும் அவசியம். ஃபால்ஸ் சீலிங்கை எல்லாத் தளத்திலும் நாலைந்து இடத்தில் திறந்து வையுங்கள், குறிப்பாகக் கழிப்பறைகளுக்குக் கீழே. வாங்குபவரின் இன்ஜினீயர் சுத்தியலால் தட்டி, உள்ளீடற்ற ஓசையை அவரே கண்டுபிடித்தால், சில லட்சத்தில் முடிகிற பழுதுக்கு ஒரு கோடி கழிப்பார். அறிக்கை உங்கள் கையில் முதலிலேயே இருந்தால் பழுதுபார்த்த பில்லையும் சேர்த்துக் காட்டலாம்.

பள்ளி வாங்குபவர் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, 1965ஆம் ஆண்டு பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர் தரும் உரிமம் ஆகியவற்றைக் கேட்பார். 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004 கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு இவற்றில் தளர்வை எதிர்பார்க்க வேண்டாம், எதிர்பார்க்கவும் கூடாது. படிக்கட்டு 1.5 மீட்டர் அகலம் இருக்கிறதா, ஒரே படிக்கட்டா, இரண்டா, 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏறும் சாய்தளம் போட வாசலில் இடம் இருக்கிறதா என்பவற்றை இப்போதே அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நிலப் பத்திரங்களில் மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) எல்லோரும் கேட்பவை. அப்பா காலமாகி பட்டா இன்னும் அவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றிய பிறகே விலை பேசுங்கள்; சகோதரிகள் உட்பட எல்லா வாரிசுகளும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும். சென்னைப் புறநகருக்கே உரிய இன்னொன்று, 1978ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1999இல் அது ரத்தானாலும், அதற்கு முன்பே அரசு கையகப்படுத்திய சர்வே எண்கள் இன்றும் சிக்கலில் இருக்கின்றன. உங்கள் நிலத்தில் அப்படி நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் வாங்கிவைத்தால் வங்கி வக்கீலின் முதல் கேள்விக்கே பதில் தயாராகிவிடும். நிலம் குடும்பத்தின் பெயரில் இல்லாமல் அறக்கட்டளை பெயரில் இருந்தால் கதையே வேறு. அறக்கட்டளைப் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் தொடாதீர்கள். இல்லையென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டிவரும்.

விலைக்கு வருவோம். வழிமுறையைக் காட்ட மட்டும் சதுர அடி நிலம் 5,000 ரூபாய், கட்டுமானச் செலவு 2,200, வாடகை 30 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவின் நிலவரத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நிலம் 16,800 சதுர அடி, 8.4 கோடி. இன்று புதிதாகக் கட்டினால் 3.3 கோடி, 60 ஆண்டு ஆயுளில் 27 கழிந்தது, ஆயுள் முடிந்தபின் மிஞ்சும் எச்சமதிப்பு 10 சதவீதம் என்று பிடித்தால் கட்டடம் 1.96 கோடி. ஆக 10.36 கோடி. ஆனால் வாடகைக்கு விட நினைக்கும் அலுவலக முதலீட்டாளர் வேறு கணக்குப் போடுவார்: மாதம் 4.5 லட்சம், ஆண்டுக்கு 54 லட்சம். வரி, பராமரிப்பு, காலிக் காலத்துக்கு 15 சதவீதம் கழித்தால் 45.9 லட்சம். 8 சதவீத வருமானம் எதிர்பார்த்தால் அவர் தருவது 5.74 கோடிதான். பில்டரோ நில விலையில் இடிக்கும் செலவைக் கழிப்பார். உங்கள் புதுப்பிப்புக்கு அவர் கணக்கில் மதிப்பே இல்லை. கட்டடத்துக்கும் சேர்த்து விலை தரக்கூடியவர், அடுத்த ஜூனில் வகுப்பு தொடங்க விரும்பும் கல்வி நிறுவனமும் தானே குடியேறும் கம்பெனியும் மட்டுமே. ஆகவே உங்கள் நிலைமையில், நில உபயோக வகை இடம் கொடுத்தால், பள்ளியைத் தேடுவதே சரி என்பது எங்கள் கருத்து.

பள்ளிக்காரர்களிடம், உங்கள் நிலத்தில் மீதமுள்ள எஃப்.எஸ்.ஐ.யையும் (நிலப் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) விலை பேசலாம். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ. 2. உங்கள் நிலத்தில் 33,600 சதுர அடி வரை வரும், 18,600 மிச்சம். அஸ்திவாரம் மேல்மாடி தாங்காவிட்டாலும், பக்கத்தில் புதுப் பிளாக் எழுப்ப இடம் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், வாங்குபவர் பொறுப்பு. இதைக் குறைக்கப் பத்திரத்தில் குறைவாகக் காட்டச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். முன்பணத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே உங்களுக்கு அபராதம் வரும். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த சொத்து மதிப்பு) விற்பனை விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், வருமான வரிக்கு வழிகாட்டி மதிப்பே உங்கள் விற்பனை விலை ஆகிவிடும்.

கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவானதும் அது வில்லங்கச் சான்றில் ஏறும். வாங்குபவர் பின்வாங்கினாலும் அவரே வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடும் வரை அங்கேயே நிற்கும், அடுத்தவர் வரமாட்டார். எனவே முன்பணத்தைக் கணிசமாக வாங்குங்கள், கெடுவைத் தேதி போட்டு எழுதுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் யார் எவ்வளவு இழப்பது, எத்தனை நாளில் ரத்துப் பத்திரம் தருவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. பயிற்சி நிலையக் கணக்கில் கட்டடத்துக்குத் தேய்மானம் காட்டியிருந்தால், கட்டடப் பங்கில் வரும் லாபம் எத்தனை ஆண்டு ஆனாலும் குறுகிய கால லாபமாகவே கருதப்படும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. அதன் லாபம் நீண்ட கால லாபம், 12.5 சதவீதம். 23.7.2024க்கு முன் வாங்கிய நிலம் என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரியீட்டுடன் (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக் கணக்கிடுவது) 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆகவே கிரயத்தில் நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று மதிப்பீட்டாளர் அறிக்கையின்படி பிரித்து எழுதச் சொல்லுங்கள். வாரிசுகளில் யாராவது வெளிநாட்டில் இருந்தால், அவர் பங்கில் வாங்குபவர் பிடிக்கும் வரி, இங்கு வசிப்பவருக்குப் பிடிக்கும் 1 சதவீதத்தில் நிற்காது. குறைந்த பிடித்தத்துக்கான சான்றை ஒப்பந்தம் போட்ட கையோடு விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள்.

மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். பயிற்சி நிலையம் என்று கல்விக் கட்டணத்தில் வாங்கியதை வேறு உபயோகத்துக்கு ஓட்டினால், ஆய்வில் இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். கிரயத் தேதியில் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்துக்கொண்டு, பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.