வெள்ளிக்கிழமைச் சமையல்

அன்புள்ள அக்கா,

நான் கடலூர் முதுநகர். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பிறந்தது ஆற்காடு லுத்தரன் சபைக் குடும்பத்தில். போன வருஷத்திலிருந்து ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்குப் போகிறேன். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை ஓய்வுநாள் ஆசரிக்கிறேன். அம்மா இன்னும் ஞாயிறு ஆராதனைக்குத்தான் போகிறார்கள். ஆனாலும் என் விசுவாசத்துக்குத் தடை சொல்வதில்லை. வெள்ளி மாலைக்குள் மறுநாள் சமையலையும் அவர்களே முடித்து வைத்துவிடுவார்கள். பழைய சபைப் போதகர் ‘இது அமெரிக்காக்காரன் உபதேசம்’ என்கிறார். ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையை ஞாயிறுக்கு மாற்றியது ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன்தானே? எல்லோரையும் ஞாயிறு ஆசரிக்கக் கட்டாயப்படுத்தும் ஞாயிறு சட்டம் வரப்போகிறது என்கிறார்களே, ஞாயிறு ஆசரிக்கும் என் அம்மாவுக்கு மிருகத்தின் முத்திரை, அதாவது கடைசி நாளில் தேவகோபத்துக்கு ஆளாகிறவர்கள்மேல் விழும் என்று வெளிப்படுத்தல் சொல்லும் அடையாளம், விழுமா? சனிக்கிழமை ஷிஃப்ட் போடுகிறார்கள், வேலையை விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நடுவில் கேள்வியே இல்லாமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கம் போனது அந்த வரியால். அதற்கு வருகிறேன்.

கான்ஸ்டன்டைன் விஷயத்தை முதலில் தள்ளிவிடுவோம். அவர் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே ரோமில் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதை எழுதிவைத்திருக்கிறார். 321 மார்ச் 7ஆம் தேதி கான்ஸ்டன்டைன் போட்ட ஆணை, அந்த நாளில் நீதிமன்றத்தையும் நகரத்துப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. உழவர்களுக்கு விலக்கு கொடுத்தது. சனிக்கிழமை சும்மா இருக்காதே, வேலை செய் என்று கிறிஸ்தவர்களுக்குச் சொன்னது அதற்குப் பிறகு ஆயர்கள் கூடிய லவோதிக்கேயா சங்கம். எத்தியோப்பியத் திருச்சபையோ சனி, ஞாயிறு இரண்டையும் கனப்படுத்துகிறது. வேதத்தில் ஏழாம் நாள் சனிக்கிழமைதான். அதைச் சொல்ல ஒரு ராஜாவை வில்லனாக்க வேண்டியதில்லை. இன்னொன்று, நீங்கள் ‘நான்காம் கட்டளை’ என்கிறீர்கள். பத்துக் கட்டளைகளைச் சபைகள் வேறு வேறு மாதிரி எண்ணுகின்றன. சின்ன வயதில் உங்கள் லுத்தரன் ஞானோபதேசத்தில் மூன்றாவதாகத்தான் மனப்பாடம் செய்திருப்பீர்கள். கத்தோலிக்கக்காரியான எனக்கும் அது மூன்றுதான்.

உங்கள் போதகரிடம் ஒன்று கேளுங்கள்: சட்டாம்பிள்ளை எந்த அமெரிக்காவிலிருந்து வந்தார்? திருநெல்வேலிச் சீமையில், நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில், 1857இல் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச்சபை தொடங்கிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை சனிக்கிழமைதான் ஆசரித்தார். அட்வென்டிஸ்ட் சபை அமெரிக்காவில் முறையாக அமைந்ததே 1863இல்.

மிருகத்தின் முத்திரை. தம்பி, இங்கே உங்களைத் திட்டத்தான் வேண்டும். உங்கள் சபையின் உபதேசத்தையே நீங்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை. இன்றைக்கு ஞாயிறு ஆசரிக்கிறவர்கள் மேல் அந்த முத்திரை இருப்பதாக அவர்கள் சொல்வதில்லை. எல்லாச் சபைகளிலும் தேவனுடைய பிள்ளைகள் உண்டு என்று உங்கள் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலன் ஒயிட்டே எழுதியிருக்கிறார். பெற்ற தாயின் இரட்சிப்பை முன்பின் தெரியாத என்னிடம் எழுதிக் கேட்கும் முன் உங்கள் போதனைப் புத்தகத்தையாவது புரட்டியிருக்கலாம். ஞாயிறு சட்டம் பற்றிய அவர்களுடைய பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமை வயலில் வேலை செய்ததற்காக அட்வென்டிஸ்ட்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள், சிறைக்கும் போயிருக்கிறார்கள். 1888இல் நாடு முழுவதற்குமான ஞாயிறு மசோதா ஒன்று செனட் வரை வந்து நிறைவேறாமல் போனது. அது அந்த ஊர்க் கதை. நம் ஊர் நிலவரம் தெரிய, ஒரு ஞாயிறு புதுச்சேரிக்கு பஸ் ஏறி வந்து மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் நடந்து பாருங்கள். அந்தக் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்ப எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

இப்போது அந்த வரி. ‘அவர்களே முடித்து வைத்துவிடுவார்கள்.’

என் அப்பா மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். 1936 ஜூலை 30இல் புதுச்சேரி சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சு அரசு சுட்டு 12 தொழிலாளர்கள் செத்ததையும், அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானதையும் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் உடையும். எங்களுக்கும்தான். ஞாயிறு ஒருநாள் அவர் மத்தியானம்வரை தூங்குவார். சத்தம் போடாதே, ரத்தம் கொடுத்து வாங்கின ஓய்வு என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே அம்மியில் மிளகாய் அரைப்பாள். முதல் பூசை கண்டுவிட்டு ஓடிவந்திருப்பாள். கறி வாங்கி, கழுவி, அரைத்து, ஆக்கி, யாராவது உறவுக்காரர் வந்தால் மறுபடி உலை வைத்து, பாத்திரம் விளக்கி முடிக்கும்போது கோயிலில் சாயங்கால மணி அடிக்கும்.

அம்மா வீட்டிலேயே தையலும் பார்த்தாள். எங்கள் பழைய ஞானோபதேசத்தில் ஞாயிறும், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாட்களிலும் விலக்கப்பட்ட வேலை செய்யக்கூடாது. தையல் அதில் சேர்த்தி. ஒரு ஞாயிறு அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னதாக எங்களிடம் சொன்னாள். பாவப் பரிகாரமாக ஜெபமும் சொல்லியிருக்கிறாள். அடுப்படியில் நின்றதை அவள் சாமியாரிடம் சொல்லவில்லை. அது வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கே தோன்றவில்லை. எட்டு மணி நேரம் பேசின அப்பா அவளுடைய மணிகளை ஒருநாளும் எண்ணவில்லை. பாவத்தை எண்ணின சாமியாரும் எண்ணவில்லை.

கட்டளையை எடுத்துப் படியுங்கள். நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் எருதையும் கழுதையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார் மோசே. மனைவி எங்கே? ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்று வேத அறிஞர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். நடைமுறையில் கழுதைக்குக் கிடைத்த விடுமுறை அவளுக்குக் கிடைத்த வீடு எத்தனை என்று அவர்களே சொல்லட்டும்.

யாத்திராகமம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் சிருஷ்டிப்பு: ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அதே கட்டளைக்கு உபாகமம் வேறு காரணம் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், நினைத்துக்கொள், நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். சனியா ஞாயிறா என்று சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் முதல் காரணத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதில் நாளை எண்ணினால் போதும். இரண்டாவதில், அந்த நாளில் உனக்காக யார் உழைக்கிறார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் பார்ப்போம். வெள்ளிக்கிழமை அம்மா உங்களுக்காக இரண்டு பங்கு சமைக்கிறார்கள். சனிக்கிழமை நீங்கள் ஜெபத்தில் இருக்கும்போது பாத்திரம் துலக்குவது, துணி அலசுவது எல்லாம் அவர்கள்தான் என்று நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரிகிறது. ஞாயிறு அவர்களுடைய ஆராதனை நாள். அன்றைக்கு நீங்கள் அடுப்பைப் பற்றவைத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு ஓய்வுநாள் இருக்கிறது, அந்த அம்மாளுக்கு ஒன்றுகூட இல்லை! இந்த லட்சணத்தில் அவர்களுக்கு முத்திரை விழுமா என்று கேட்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன், வெறுப்பில் இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து கண் எரிய வந்து வேதத்தைத் திறந்து உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேர்? உங்கள் பக்தி எனக்குப் பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமையை ஆயத்த நாள் என்று உங்கள் சபை சொல்கிறதே, அது ஆசரிக்கிறவன் ஆயத்தப்படுகிற நாள். இந்த வெள்ளி வெங்காயம் நீங்கள் உரியுங்கள். ரசம் வைக்கத் தெரியாதென்றால் அம்மாவை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு வையுங்கள். ஞாயிறு அவர்கள் ஆராதனை முடிந்து வரும்போது சோறு வடித்திருக்கட்டும்.

வேலையை விடாதீர்கள். அம்மாவின் மருந்துச் செலவுக்கு வேறு வழி பார்த்துவைத்திருக்கிறீர்களா? உங்களோடு ஷிஃப்ட் பார்க்கிறவர்களில் ஞாயிறு கோயிலுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளோடு வீட்டில் இருக்க ஏங்குகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுடைய ஞாயிற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் சனியைக் கொடுங்கள். அந்த ஞாயிறு பகல் ஷிஃப்டாக இருந்தால் சோற்றை வடித்துவைத்துவிட்டுக் கிளம்புங்கள். மாற்று ஏற்பாட்டை சூப்பர்வைசரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பினால், ஆள் மாறியதும் மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டியிருக்கும்.