ஏணியா, தலைவரா? — ஜெர்மன் மொழி கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுச் சில்லு சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்த வருடம் ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறார்கள். வாரம் இரண்டு மாலை மொழி வகுப்புக்குப் போகிறேன். ‘லைட்டர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ஓர் இடத்தில் ஆண்பால், இன்னோர் இடத்தில் ஏணி என்ற பொருளில் பெண்பால் என்று இருக்கிறது. ஏணி பெண்பால் என்றால் முன்னால் பெண்பாலுக்குரிய ‘டீ’ தானே வரவேண்டும்? பாடப் புத்தகத்தில் ‘ஏணியின் மேல்’ என்பதற்கு ‘அவுஃப் டேர் லைட்டர்’ என்று ஆண்பாலுக்குரிய ‘டேர்’ போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா? இந்தச் சொல் ஆணா பெண்ணா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அச்சுப்பிழை இல்லை, தங்கச்சி. இந்தச் சொல்லிடம் நானும் நன்றாக மாட்டிக்கொண்டவன்தான்.

பினாங்குப் பாலம் திறந்த மறு வருடம், 1986இல், என்னையும் இப்படித்தான் தென் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். விமானத்தில் புரட்டிய சின்னப் புத்தகம்தான் எனக்குத் தெரிந்த ஜெர்மன். போன மூன்றாவது வாரம், உலைக்கு மேலே ஒரு கம்பி கழன்றுவிட்டது. கை எட்டவில்லை. சாமான் கிடங்குக்குப் போய், “வோ இஸ்ட் டேர் லைட்டர்?” என்று கேட்டேன். ஏணி எங்கே என்று கேட்பதாக என் நினைப்பு. கிடங்குக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார், தொலைபேசியை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் எங்கள் பிரிவின் தலைவர் டை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்! நான் பேச வார்த்தை இல்லாமல் மேலே கையைக் காட்டினேன். புரிந்துகொண்டு சிரித்துவிட்டார். அவரே போய் ஏணியைத் தூக்கி வந்து, நான் கம்பியை மாட்டி இறங்கும்வரை கீழே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பும்வரை கிடங்கில் என் பெயர் ‘ஹெர் லைட்டர்’, திருவாளர் லைட்டர்.

விஷயம் என்னவென்றால், இவை ஒரே சொல் இல்லை, இரண்டு சொற்கள். ‘லைட்டென்’ என்றால் நடத்திச் செல்வது. அந்த வினையோடு ‘அர்’ சேர்ந்தால் நடத்துபவர். நம் ‘ஓட்டுநர்’, ‘நடத்துநர்’ என்பதில் ‘நர்’ செய்யும் வேலையை அது செய்கிறது. இப்படி வினையிலிருந்து பிறந்து ஆளைக் குறிக்கும் சொற்கள் ஆண்பால். ஆகவே ‘டேர் லைட்டர்’ என்றால் தலைவர். தலைவி என்றால் ‘டீ லைட்டரின்’.

ஏணி வேறு வீட்டுப் பிள்ளை. அது ‘லேனென்’, அதாவது சாய்தல், என்ற வினைக்குச் சொந்தக்காரி. சுவரில் சாய்த்து வைப்பதுதானே ஏணி? ஆங்கில ‘லேடர்’ இதற்குப் பங்காளி. தலைவரும் ஏணியும் ஒரு காலத்தில் வேறு வேறாக ஒலித்து, தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நிற்கும் டேர், டீ மட்டும்தான் இப்போது ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

உங்கள் வேலைக்கு வேண்டியது இன்னொன்று இருக்கிறது. மின்சாரத்தை நடத்திச் செல்லும் கடத்தியும் ‘டேர் லைட்டர்’தான். சில்லு செய்யும் குறைக்கடத்திக்கு ‘டேர் ஹால்ப்லைட்டர்’, பாதிக் கடத்தி என்று பொருள். 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து நம் ஊரில் எத்தனை வீட்டில் உலை கொதித்தது இந்த ஒரு சொல்லால்! ஆனால் சில்லைப் பொருத்தும் மின்சுற்றுப் பலகை ‘டீ லைட்டர்ப்லாட்ட’, பெண்பால். கூட்டுச்சொல்லில் கடைசியில் நிற்கும் சொல்லே பாலைத் தீர்மானிக்கும். ப்லாட்ட (பலகை) பெண்பால் என்பதால் மொத்தமும் பெண்பால். முன்னால் நிற்கும் கடத்தி ஆணாக இருந்தும் அவன் பேச்சு அங்கே எடுபடாது.

இனி உங்கள் ‘அவுஃப் டேர் லைட்டர்’. தமிழில் வேற்றுமை சொல்லின் வாலில் ஒட்டும்: ஏணியை, ஏணிக்கு, ஏணியில். ஜெர்மனில் பெயர்ச்சொல் பெரும்பாலும் அசையாது. முன்னால் நிற்கும் குட்டிச்சொல்தான் சட்டை மாற்றும். ‘எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்குப் பதிலாக வரும்போது பெண்பாலின் ‘டீ’, ‘டேர்’ ஆகிவிடும். அதே இடத்தில் ஆண்பாலின் ‘டேர்’, ‘டேம்’ ஆகிவிடும். ஆகவே ‘அவுஃப்’ என்பதற்குப் பின்னால் ‘டேர்’ வந்தாலே அது பெண்பால்தான்! நீங்கள் ஆண்பால் என்று நினைத்த இடம்தான் ஏணி பெண்பால் என்பதற்குச் சாட்சி. எனக்கு இது புரிய ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது.

‘ஐ’ வேற்றுமையில் குழப்பம் குறைவு. ‘இஷ் ஸூஹெ டீ லைட்டர்’ என்றால் ஏணியைத் தேடுகிறேன். ‘டேன் லைட்டர்’ என்றால் தலைவரைத் தேடுகிறேன். பன்மையில் தலைவர்கள் ‘டீ லைட்டர்’, ஏணிகள் ‘டீ லைட்டர்ன்’. பார்த்தீர்களா, தலைவர்கள் பலர் சேர்ந்தால் ஒற்றை ஏணி மாதிரியே ஒலிக்கிறார்கள். வினைமுற்றைக் கேட்டால்தான் ஒன்றா பலவா என்பது தெரியும். அதனால் நோட்டில் வெறும் ‘லைட்டர்’ என்று எழுதவே எழுதாதீர்கள். ‘டீ லைட்டர், டீ லைட்டர்ன், ஏணி’ என்று ஒரே மூச்சில் எழுதுங்கள், ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

ஏணிக்கு எதற்குப் பெண்பால் என்று கேட்பீர்கள். நமக்கு ஆணும் பெண்ணும் உயர்திணைக்கு மட்டும்தான், ஏணி எப்போதும் ‘அது’. ஜெர்மன்காரர் “ஏணி எங்கே?” என்று கேட்டால் வரும் பதில், நம் காதுக்கு, “அவள் நிலவறையில் நிற்கிறாள்” என்று விழும். அவர்கள் ஏணியைப் பெண்ணாகவா நினைக்கிறார்கள்? இல்லை. அது வெறும் இலக்கண வகுப்பு. சிறுமிக்கு அவர்கள் சொல்லும் ‘மேட்ஷென்’ ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மூன்றாவதான ‘டாஸ்’ வகுப்பு. ‘ஷென்’ என்ற சிறுமை விகுதி எதன் வாலில் ஒட்டினாலும் அது டாஸ் ஆகிவிடும். காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, நம் மொழியைக் கற்று, லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். 1716இல் அது ஹாலே நகரில் அச்சானது. நாற்காலியும் மேசையும் நமக்கு ‘அது’ என்று தெரிந்தபோது மனிதர் எவ்வளவு நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்!

எனக்கு உதவிய வழி இலக்கணம் இல்லை. தோட்டத்து லயத்தில் கொடிக்கயிறு அறுந்துவிட்டால் அம்மா ஏணியில் சேலையைக் காயப் போடுவார். அந்த ஏணியை மனசில் வைத்துக்கொண்டேன். சேலை கட்டிய ஏணி, டீ லைட்டர். பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. உங்கள் ஏணிக்கு உங்கள் வீட்டிலிருந்தே ஒரு சேலை தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று மூன்று பேனாவால் எழுதிப் படிக்கிறேன். பலன் உண்டா?
— வாசகர், நிபோங் தெபால்

பதில்: எழுதும்போது உண்டு. பேசும்போது கையில் பேனா இருக்காதே! நிறத்தோடு நிற்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சில விகுதிகளுக்கு நிறமே தேவையில்லை: ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடியும் பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பெண்பாலில் போடலாம். ‘அர்’ என்று முடிவதை மட்டும் நம்ப வேண்டாம். கத்தி ‘டாஸ் மெஸ்ஸர்’, வெண்ணெய் ‘டீ பூட்டர்’.

கேள்வி: தமிழிலிருந்தும் மலாயிலிருந்தும் ஜெர்மனுக்குப் போன சொற்கள் உண்டா? அவற்றுக்கு என்ன பால் கொடுத்தார்கள்?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உண்டு. நம் கட்டுமரம் அங்கே ‘டேர் காடாமரான்’, ஆண்பால். மாங்காய், போர்த்துக்கீசியர் கைமாறிப் போய், ‘டீ மாங்கோ’ என்று பெண்பாலானது. வெறிபிடித்துக் கண்டவரைத் தாக்குவதைக் குறிக்கும் மலாய்க்காரர்களின் அமோக், ‘டேர் ஆமோக்’. ‘தியா’ என்ற ஒரே சொல்லில் அவனையும் அவளையும் அடக்கிவிடும் மலாய்மொழிச் சொற்களுக்கு இப்படிப் பால் ஒட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஓராங் ஊத்தானும் ஆண்பால், ‘டேர் ஓராங் ஊட்டான்’. குட்டியைச் சுமந்துகொண்டு மரத்தில் தொங்கும் தாய்க்கும் முதலில் அந்த ‘டேர்’தான். பெண் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வாலில் ‘வைப்ஷென்’ சேர்ப்பார்கள். அதிலும் அந்த ‘ஷென்’ இருக்கிறதே, உடனே ‘டாஸ்’ ஆகிவிடும்.