பணிக் குறிப்புகளில் ஒத்த தொடரமைப்பு: எங்கே தேவை, எங்கே தேவையில்லை?

கேள்வி: அலுவலகச் சுற்றறிக்கைகளைப் பிழையின்றி எழுதியும், படித்தவர்கள் மீண்டும் வந்து விளக்கம் கேட்கிறார்கள். இந்த மாதிரியில் என்ன குறை? "கிளை அலுவலர் விண்ணப்பங்களைச் சரிபார்த்தல், குறைகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும், மாத அறிக்கை தயாரிப்பு, அது தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்படும்."

பதில்: தனித்தனியே பார்த்தால் நான்கு பகுதிகளிலும் பிழையில்லை. ஆனால் அடுக்கி வரும் பகுதிகள் ஒரே வடிவில் முடிவதாகிய ஒத்த தொடரமைப்பு இதில் இல்லை: முதலாவது தொழிற்பெயரிலும், இரண்டாவது கட்டளையிலும், மூன்றாவது பெயர்ச்சொல்லிலும், நான்காவது செயப்பாட்டுவினையிலும் முடிகின்றன. தமிழில் வினை இறுதியில் வருவதால், ஒவ்வொரு பகுதியின் கடைசிச் சொல்லை எட்டிய பிறகே அது கடமையா, வெறும் தகவலா என்பது வாசகருக்குத் தெரியவருகிறது. அந்த முடிவு நான்கு முறை மாறினால் அவர் நான்கு முறை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இவற்றுள் நான்காவதே உண்மையான சிக்கல், ஏனெனில் அறிக்கையை அனுப்ப வேண்டியவர் யார் என்பது அதில் மறைந்துவிட்டது. உங்களிடம் விளக்கம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படி மாற்றலாம்: "கிளை அலுவலர் விண்ணப்பங்களைச் சரிபார்க்கவும், குறைகளைப் பதிவேட்டில் எழுதவும், மாத அறிக்கையைத் தயாரித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவும் வேண்டும்." இறுதியிலுள்ள ஒரே 'வேண்டும்' மூன்று கடமைகளையும் தாங்குகிறது. நான்கு மூன்றானதைக் கவனியுங்கள்: தயாரிப்பதும் அனுப்புவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை என்பதால், அவற்றை வினையெச்சத்தால் இணைத்தேன். 'சரிபார்க்கவும்', 'எழுதவும்' என அடுக்குகையில் வரும் 'உம்', அதாவது எண்ணும்மை, எது முன், எது பின் என்ற வரிசையைச் சொல்வதில்லை. வரிசை முக்கியமானால் "கட்டணத்தைச் செலுத்தி, ரசீதைப் பெற்று, விண்ணப்பத்துடன் இணைத்து அனுப்பவும்" என்று வினையெச்சங்களாகவே அடுக்குவது நல்லது.

எண்ணிட்ட பட்டியலாக எழுதும்போது, தலைப்பு வாக்கியத்தோடு ஒவ்வொரு வரியையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். "அலுவலரின் பொறுப்புகள்" என்று தொடங்கினால் 'சரிபார்த்தல்', 'எழுதுதல்' என்ற தொழிற்பெயர்கள் பொருந்தும், 'எழுதவும்' பொருந்தாது.

வடிவம் ஒத்திருந்தாலும் பொருள் ஒவ்வாமல் போவதுண்டு. "இவ்வாண்டின் இலக்குகள்: விரைவு, துல்லியம், புதிய மென்பொருள்" என்பதில் மூன்றும் பெயர்ச்சொற்களே, ஆனால் மென்பொருள் இலக்கு அன்று, இலக்கை அடையும் கருவி. அதை வேறொரு வாக்கியத்துக்கு மாற்றுவதே முறை. அதுபோலவே, காரணத்தையும் விளைவையும் ஒரே பட்டியலில் சமமாக நிறுத்தாதீர்கள். அங்கே 'எனவே', 'ஆகையால்' போன்ற சொற்கள்தாம் உதவும்.