ஜீனை சைலன்ஸ் பண்ணி செல்லுக்கு வைரஸ் தொத்தாம பண்ண முடியுமா, முடியும்னா ஏன் இன்னும் சாதாரண சிகிச்சையா வரல?

முடியும்ங்க, எச்ஐவிக்கும் போலியோவுக்கும் 2002லயே லேப் செல்லுல பண்ணிக் காட்டிட்டாங்க. உங்க ரெண்டாவது கேள்விதான் வில்லங்கம்.

முதல்ல ஒண்ணு, இதுல ஜீனை யாரும் வெட்டி எடுக்கறதில்ல. ஜீன் அது பாட்டுக்கு இருக்கும், அதுலேர்ந்து கிளம்பி வர்ற எம்ஆர்என்ஏவை (புரோட்டீன் செய்யறதுக்கான ஜீனோட நகலை) நடுவழியில நறுக்கிடறது, அவ்வளவுதான். சுமார் 21 எழுத்துல ஒரு குட்டி ரெட்டை இழை ஆர்என்ஏவை உள்ள விட்டா, செல்லுல இருக்கற ரிஸ்க்னு ஒரு புரோட்டீன் கும்பல் அதுல ஒரு இழையை கையில வெச்சுக்கிட்டு, அதோட ஜோடி சேர்ற எம்ஆர்என்ஏ எங்க இருக்குன்னு தேடித் தேடி வெட்டும். (நீளமா விட்டா நம்ம செல் வைரஸ்தான் வந்துடுச்சுன்னு பயந்து இன்டர்ஃபெரான் அலாரத்தை அடிச்சிடும், அதான் குட்டியா விடறது.)

சரி, யாரோட ஜீனை அடக்கறது? வைரஸோடதுன்னா எச்ஐவி மாதிரி ஆளுங்க அந்த 21ல ஒரு எழுத்தை மாத்திக்கிட்டு தப்பிச்சிடும், அதனால ஒரே நேரத்துல மூணு நாலு இடத்துல அடிக்கணும். எனக்குப் புடிச்சது இன்னொரு வழி, வைரஸ் உள்ள நுழையற கதவையே மூடறது. எச்ஐவிக்கு அந்தக் கதவு செல் மேல இருக்கற சிசிஆர்5னு ஒரு ரிசெப்டர், பொறக்கும்போதே அதோட ரெண்டு காப்பியும் பழுதா இருக்கறவங்களுக்கு எச்ஐவி தொத்தறது ரொம்ப அபூர்வம், ஆனாலும் நல்லாவே இருக்காங்க. ஆனா சைலன்ஸிங்ல கதவு முழுசா மூடாது. நான் லேப்ல இருந்த காலத்துல வேற ஒரு ஜீனை அடக்கிப் பாத்திருக்கேன், ப்ளாட்ல (புரோட்டீன் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) அதோட கோடு கிட்டத்தட்ட காணோம், ஜெயிச்சுட்டோம்னு குதிச்சா, செல் பிரியப் பிரிய உள்ள விட்ட ஆர்என்ஏ நீர்த்துப் போய் ஒரே வாரத்துல பழையபடி வந்து நின்னுச்சு.

நிரந்தரமா வேணும்னா அந்தக் குட்டி ஆர்என்ஏவை உண்டாக்கற டிஎன்ஏவை, ரத்த செல்லைப் பொறக்க வைக்கற ஸ்டெம் செல்லுல ஏத்தணும், அதை ஏத்தற வண்டி பெரும்பாலும் லென்டிவைரஸ், அதாவது எச்ஐவியையே பல்லு புடுங்கி எடுத்தது! குட்டி ஆர்என்ஏவையே ஊசியில போடலாமேன்னா, கல்லீரலுக்குப் போய்ச் சேர்ற அளவுக்கு எச்ஐவி புடிக்கற ரத்த செல்லுக்குப் போய்ச் சேராது. மாட்டிக்கிட்டு நிக்கறது இந்த டெலிவரியிலதான்.

செடியில இந்தத் தலைவலி கம்மி, ஒரு செல்லுல ஏத்திட்டு அதுலேர்ந்தே முழு செடியை வளர்த்துடலாம். ஹவாய்ல 1998ல விவசாயிங்க கைக்கு வந்த ரெயின்போ பப்பாளி அப்படித்தான், பப்பாளியைத் தாக்கற ரிங்ஸ்பாட் வைரஸோட கோட் புரோட்டீன் (வைரஸோட மேலுறை) ஜீனை உள்ள வெச்சாங்க, அது வேலை செஞ்சது சைலன்ஸிங்னாலன்னு பின்னாடிதான் புரிஞ்சுது.