வாசகர் கேட்டவை: குரல் யாருடையது?

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய நான்கு வரிப் பதிலுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மனிதக் குரலை இயந்திரம் நகலெடுப்பதைப் பற்றியே கேட்டிருந்தன. வடசென்னையிலிருந்து வந்த ஆறு கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதித் தவிர்த்திருக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: மறைந்த தலைவர்களைச் செயற்கை நுண்ணறிவால் பேச வைக்கிறார்கள். குடும்பத்தாரும் கட்சியினரும் சம்மதித்த பிறகு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

எனக்கு வருத்தம் உண்டு. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூலுக்காக நடந்த விழாவில் கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் 24-ஆம் தேதி, ஜெயலலிதாவின் பிறந்த நாளன்று, அவருடைய குரலை ஒத்த ஒலிப்பதிவு ஒன்றை அ.தி.மு.க. வெளியிட்டது, எடப்பாடி பழனிசாமிக்குத் துணை நிற்குமாறு அந்தக் குரல் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டது. முன்னவர் 2018-இல் மறைந்தவர், பின்னவர் 2016-இல். இருவரும் நம் பக்கத்துக்கு அயலார் அல்லர். கலைஞர் 1989-லும் 1991-லும் துறைமுகம் தொகுதியில் வென்றவர், ஜெயலலிதா ஆர்.கே.நகரின் சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதே காலமானவர்.

ஒருவரை ஆதரிப்பது என்பது ஒரு தலைவர் தன் காலத்தில், தன் கணக்குகளோடு எடுக்கும் முடிவு. அதை அவர் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம், நிருபர் கேட்டால் விளக்கலாம், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மறுக்கலாம். இறந்தவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத ஒருவரின் வாயில் ஒரு வேண்டுகோளை வைத்து அதைத் தொண்டர் முன் ஒலிக்கச் செய்வதை, எந்தக் கட்சி செய்தாலும், நான் ஏற்பதற்கில்லை. குடும்பத்தாரின் சம்மதம் மரியாதைக்குரியதுதான். ஆனால் சட்டம் அதற்கு எவ்வளவு எடை தருகிறது என்று பாருங்கள். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவர் மறைவோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்குச் சொத்தாகப் போய்ச் சேர்வதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. தடுப்பதற்கு வாரிசுக்கு உரிமை இல்லையென்றால், அனுமதிப்பதற்கு மட்டும் அது எங்கிருந்து வரும்?

தண்டையார்பேட்டையில் என் தந்தை மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கூட்டம் முடிந்து வந்த இரவுகளில் மைக்கின் கம்பி வலையை ஈரத்துணியால் துடைப்பது என் வேலை. வெற்றிலைச் சாறும் எச்சிலும் அதில் காய்ந்திருக்கும். தொண்டை கட்டிய பேச்சாளர் மேடையேறினால் ஒலியைக் கூட்டும் குமிழிலிருந்து என் தந்தை கையை எடுக்கமாட்டார். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கப்பட்ட கூட்டத்தைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர்கள் பேசும்போதெல்லாம், அண்ணா என்ன சொன்னார் என்பதற்கு முன்பாக மழையைத்தான் சொல்வார்கள். பேசியவரும் நனைந்தார், கேட்டவரும் நனைந்தார்.

தேர்தல் ஆணையம் இந்தச் செயற்கைக் குரல்களைப் பார்க்காமல் இல்லை. போலியான காணொலிகளையும் ஒலிப்பதிவுகளையும் தெரியவந்த 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டுமென்று 2024 மே மாதம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய பிரசாரத்தில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டுமென்று 2025 ஜனவரியில் கூறியது. குறிப்பு அவசியம்தான். எனினும், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தெருமுனையைக் கடக்கும்போது நம் காதில் விழுவது குரல் மட்டுமே. குறிப்பு அடுத்த தெருவில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

வியாசர்பாடி கானாப் பாடகர்: யூடியூபில் நான் ஏற்றிய பாட்டுகளிலிருந்து என் குரலை எடுத்து, யாரோ பிறந்தநாள் பாட்டு செய்து கொடுத்துக் காசு வாங்குகிறார். எழுதியதும் நான் இல்லை, பாடியதும் நான் இல்லை. ஆனால் கேட்பவர்கள் நான் என்றே நினைக்கிறார்கள். சட்டத்தில் எனக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் நேரான வழி இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு, பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துகலைஞர்களுக்குத் தாம் நிகழ்த்தியதன் மீது 50 ஆண்டுகளுக்கு உரிமை தருகிறது. நீங்கள் பாடிப் பதிந்த பாட்டை ஒருவர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் இந்தப் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். உங்கள் குரலின் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் பாடாத பாட்டை இயந்திரத்தால் பாட வைத்தால் என்ன செய்வது என்பது அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. அதை இயற்றியவர்களால் இப்படியொரு களவைக் கற்பனை செய்திருக்க முடியாது. நீதிமன்றங்கள்தான் இடைவெளியை நிரப்பி வருகின்றன. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம், புகழ்பெற்ற ஒருவரின் பெயரையும் தோற்றத்தையும் பேசும் பாணியையும் அவருடைய அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்றது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நகலெடுத்ததற்கு மும்பை உயர் நீதிமன்றம் 2024-இல் இடைக்காலத் தடை விதித்தது.

இவர்களெல்லாம் பெரிய வழக்கறிஞரை அமர்த்த முடிந்தவர்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். அது நியாயமான வருத்தம். புகழ் இருந்தால்தான் குரலுக்குக் காவல் என்ற நிலை மாற வேண்டும். ஒரு தெருவில் மட்டும் தெரிந்த குரலுக்கும் அதே காவல் கிடைக்கும்படி நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். அதுவரை கையிலிருப்பதைச் செய்யுங்கள். உங்கள் மூலப் பதிவுகளைத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள். தன் குரலை ஒத்த செயற்கைப் பதிவை நீக்கும்படி பாதிக்கப்பட்டவரே கேட்பதற்கான வழியை யூடியூப் 2024-இல் ஏற்படுத்தியிருக்கிறது. முதலில் அங்கே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அப்படியொருவரை நியமிக்க வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. போலிப் பாட்டுக்குப் பணம் கொடுத்தவர் யாராவது கிடைத்தால் அந்தப் பணப் பரிமாற்றத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள், அது வலுவான சான்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் செயற்கை நுண்ணறிவின் உதவியால் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று உரிய ஊதியமும் அளித்ததாக அவரே அறிவித்தார். எனக்கு அந்தப் பாட்டைக் கேட்பதில் மனத்தடை இருந்தபோதிலும், கேட்டு வாங்கியதையும் கூலி கொடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னதையும் மதிக்கிறேன். உங்கள் குரலை எடுத்தவர் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா இறந்த இரவு, கானா பாட வந்தவர் வந்தவுடன் பாடத் தொடங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, நண்பர்கள் அவரை என்ன பெயரால் அழைப்பார்கள், எந்தக் கடையில் டீ குடிப்பார், யாரோடு மனத்தாங்கல் என்று ஒரு மணி நேரம் விசாரித்து, கண்ணீர் அஞ்சலி நோட்டீசின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். விடிய விடியப் பாடினார். நான்கு மணிக்குக் குரல் கம்மியபோது மிளகு போட்ட வெந்நீர் கேட்டார். சித்தப்பாவோடு பேசாமலிருந்த பங்காளியின் பெயரை அவர் பாட்டில் சேர்த்தபோது, வாசலில் தள்ளி நின்ற அந்த மனிதர் உள்ளே வந்து அழுதார். உங்கள் தொழிலில் குரலுக்கு முன்பாகச் செய்யும் இந்த விசாரிப்பும் உங்கள் உழைப்புதான். வழக்கென்று வந்தால் அதையும் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

காசிமேடு வாசகி: துபாயில் இருக்கும் என் மகனின் குரலிலேயே அழைப்பு வந்தது. விபத்து, உடனே பணம் அனுப்பு என்று அழுதான். பக்கத்து வீட்டுப் பெண் தடுத்ததால் தப்பித்தேன். பெற்றவளுக்கே தெரியவில்லையே?

இதில் உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அம்மா. பழைய தொலைபேசி முறை ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும் வகையில் அமைந்தது. குரலின் நுண்ணிய அடையாளங்கள் பல அதற்கு வெளியே இருக்கின்றன. எனவே அத்தகைய இணைப்பில் நகலின் குறைகள் மறைந்துபோகும். அழுகையும் பதற்றமும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் வேறுபாடும் கேட்காது. நகலெடுக்க நீண்ட பேச்சும் தேவையில்லை. சமூக ஊடகத்தில் உங்கள் மகன் போட்ட சிறிய காணொலி ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

அடுத்த முறை இப்படி வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவருடைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். அவர் சிறுவயதில் ஏறி விழுந்த படகின் பெயராகக்கூட இருக்கலாம், ஆனால் எங்கும் எழுதியிருக்கக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் வங்கிகளால் அதை நிறுத்திவைக்க முடியும்.

தண்டையார்பேட்டை வாசகர்: தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' படத்தின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி வெளியிட்டது சரியா?

சரியில்லை. 2013-இல் இந்தியில் 'ராஞ்சனா' என வந்த அந்தப் படத்தில் நாயகன் இறந்துவிடுவான். 2025 ஆகஸ்டில் அவன் பிழைப்பதாக முடிவை மாற்றித் தமிழில் மீண்டும் வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல்.ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். படத்தின் உரிமை வைத்திருப்பவர் அதைத் திரையிடலாம், விற்கலாம். நடிகர் நடிக்காத ஒன்றை அவர் நடித்ததாகக் காட்டும் உரிமை அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்காது என்பது என் உறுதியான கருத்து.

புளியந்தோப்பு கல்லூரி மாணவி: கைப்பேசியிடம் எங்கள் வீட்டுத் தமிழில் பேசினால் பாதி தவறாகவே எழுத்தாகிறது. செய்தி வாசிப்பவரைப் போலப் பேசினால் சரியாக வருகிறது. நாங்கள் பேசுவது தமிழ் இல்லையா?

தமிழ்தான். எழுத்தைப் பார்த்து வாசித்த பதிவுகளை அதிகமாகக் கேட்டு வளர்ந்த கருவிக்கு, வீட்டுக்குள் பேசும் வேகமும் விழுங்கிய எழுத்துகளும் பழக்கமில்லை, குறை அதனுடையது. நீங்கள் கூச்சப்படும் சொற்களுக்கெல்லாம் வரலாறு இருக்கிறது. 'துட்டு' டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டிய பழவேற்காடு நமக்கு வடக்கேதான் இருக்கிறது. 'நாஷ்டா', 'பேஜார்', 'உஷார்' ஆகியவை உருது வழியாகவும் 'நைனா' தெலுங்கிலிருந்தும் வந்தன. போர்த்துகீசியத்திலிருந்து வந்த 'சாவி'யையும் 'ஜன்ன'லையும் யாரும் சேரித் தமிழ் என்று ஒதுக்குவதில்லை. எந்தச் சொல்லை எந்தப் பேட்டைக்காரர் பேசுகிறார் என்பதை வைத்தே மதிப்புப் போடப்படுகிறது. இது நீண்ட நாள் அநீதி. இயந்திரமும் அதைக் கற்றுக்கொள்ள விடக் கூடாது.

விரும்பினால் நீங்களே உதவலாம். மோசில்லா நிறுவனம் 2017-இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் உண்டு. யார் வேண்டுமானாலும் குரலைப் பதிந்து கொடுக்கலாம். ஆனால் அங்கே கொடுத்த குரலை உலகில் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையை முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருவொற்றியூர் வாசகி: என் கணவர் போன ஆண்டு தவறிவிட்டார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் பல இருக்கின்றன. அவற்றை வைத்து அப்பாவைப் புதிதாகப் பேச வைத்துத் தருகிறேன் என்கிறான் மகன். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அம்மா. 11 விநாடி உள்ள ஒரு செய்தியில் அவர், "சாப்ட்டியா? நான் வர லேட்டாகும்" என்று சொல்வதாகவும், பின்னால் விம்கோ நகர் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்று அவர் உங்களை நினைத்தார்; ரயில் வந்தது; இரண்டும் அதில் பதிந்திருக்கின்றன. இயந்திரம் நாளை அதே குரலில் நூறு முறை "சாப்ட்டியா" என்று கேட்கலாம். கேட்பவர் அவர் அல்லர். கணவரிடம் உயிரோடிருக்கும்போது கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். உங்களுக்கு அதில் சிறிதேனும் ஐயம் இருந்தால் வேண்டாம் என்றே மகனிடம் சொல்லுங்கள். அவன் அன்பினால்தான் கேட்கிறான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பதிலாக அவனிடம் வேறொரு வேலையைக் கொடுங்கள். கைப்பேசி தொலைந்தாலோ பழுதானாலோ அந்தச் செய்திகளும் போய்விடக்கூடும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து, தேதியைப் பெயராக இட்டு, ஒரு பென் டிரைவிலும் அவனுடைய மின்னஞ்சல் கணக்கிலும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். சத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அவன் ரயிலை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.