ஜெபிக்க முடியாதவங்க சபைக்குப் போகலாமா?

வாசகர் கடிதம்:

வணக்கம். உங்க பதிவுகளை ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதறது இதுதான் முதல் தடவை. பேர் போட வேண்டாம் ப்ளீஸ். என் வீட்டுக்காரர் கேன்சர்ல தவறி ஏழு மாசம் ஆகுது. சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சாங்க, நானும் நிச்சயம் சுகமாயிடும்னு நம்பினேன். ஆகல. இப்ப ஜெபிக்க முழங்கால் போட்டா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. ஆராதனை முடிஞ்சதும் ஆளாளுக்கு வந்து "எல்லாம் நன்மைக்குத்தான் சிஸ்டர்", "அவர் நல்ல இடத்துல இருக்கார், அழக்கூடாது"ன்னு சொல்றாங்க, அதைக் கேட்க முடியாமலே போறதை நிறுத்திட்டேன். ஞாயித்துக்கிழமை யூடியூப்ல ஆராதனை போடுவேன், பாதியிலயே ஆஃப் பண்ணிடுவேன். ராத்திரி தூக்கமும் இல்ல. இதுக்கு நடுவுல பெண்கள் கூட்டத்துல சாட்சி சொல்லச் சொல்லி கேட்டிருக்காங்க, உங்க விசுவாசம் நாலு பேருக்கு ஆறுதலா இருக்குமாம். எனக்கே ஆறுதல் இல்லையே. சிலர் ஏதாவது உதவி வேணுமான்னு கேட்கறாங்க, யாருக்கும் பாரமா இருக்கக்கூடாதுன்னு வேண்டாம்னு சொல்லிடறேன். உள்ள ஒண்ணுமே இல்லாம போய் சபையில உட்கார்றது நடிப்புதானே? வீட்ல இருந்தபடியே விசுவாசத்தைக் காப்பாத்திக்க முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன், நடிப்பு இல்ல. போங்க. எப்படிப் போகணும், எதுக்கெல்லாம் தலையாட்ட வேண்டாம்ங்கறதுல எனக்கு சில அபிப்பிராயம் இருக்கு, அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல இயேசுவோட சீஷர் தோமா. "சந்தேகத் தோமா"ன்னு ரெண்டாயிரம் வருஷமா அந்த மனுஷன் பேரைக் கெடுத்து வச்சிருக்கோம், ஆனா யோவான் 20-ஐ மெதுவா வாசிச்சுப் பாருங்க. உயிர்த்தெழுந்த அன்னைக்கு சாயங்காலம் மத்தவங்க எல்லாரும் இயேசுவைப் பார்த்துட்டாங்க, தோமா மட்டும் அங்க இல்ல. வந்ததும் எல்லாரும் நாங்க பார்த்தோம் பார்த்தோம்னு சந்தோஷத்துல குதிக்கறாங்க, இவரு ஆணி அடிச்ச காயத்துல விரலை விட்டுப் பார்க்காம நான் நம்ப மாட்டேன்னு நேரா சொல்லிடறார். அதுக்கப்புறம் எட்டு நாள் கழிச்சுதான் அடுத்த சம்பவம், அப்பவும் கதவைப் பூட்டிட்டு எல்லாரும் உள்ள இருக்காங்க, தோமாவும் அவங்களோடகூட இருக்கார். அந்த எட்டு நாளும் அவருக்கு எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சுத்தி இருக்கற அத்தனை பேருக்கும் நிச்சயம், இவர் ஒருத்தருக்கு மட்டும் ஒண்ணுமில்ல. அவங்களும் நீ நம்பிட்டு வா அப்புறம் சேர்த்துக்கறோம்னு வெளிய அனுப்பல, இவரும் எனக்கு இங்க என்ன வேலைன்னு எழுந்து போயிடல. இயேசு வந்தப்ப தோமா அந்த ரூம்ல இருந்தார், எனக்கு அது போதும். நம்பிக்கை இல்லாம வந்து உட்கார்றதுக்கு சபையில இடம் உண்டுங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?

அடுத்து, வார்த்தை வரலைங்கறது. பைபிள்ல மொத்தம் 150 சங்கீதம் இருக்கு, அதுல மூணுல ஒரு பங்கு கிட்டத்தட்ட புலம்பல்தான், ஆண்டவரே எங்க போனீர், ஏன் தூங்குறீர்னு நேருக்கு நேரா கேட்கற பாட்டு. பெரும்பாலான புலம்பல் பாட்டு எப்படியாவது கடைசியில ஒரு நம்பிக்கையில வந்து நின்னுடும், 88-ஆம் சங்கீதம் மட்டும் அப்படி நிக்காது. என் சிநேகிதரை எல்லாம் எனக்குத் தூரமாக்கிட்டீர்னு சொல்லி அப்படியே முடிஞ்சு போயிடும், அல்லேலூயா கிடையாது ஒண்ணும் கிடையாது. அதுல நான் கவனிச்சது தலைப்பைத்தான். நாம வாசிக்கும்போது தாண்டிப் போயிடுவோம், ஆனா அதுல இராகத்தலைவனுக்குன்னு போட்டிருக்கு. அதாவது ஒருத்தர் ராத்திரி தனியா டைரியில எழுதி மூடி வச்சது இல்ல, பாடகர் குழுத் தலைவர் கையில குடுத்து எல்லாரும் கூடி நின்னு பாடறதுக்காக எழுதினது. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல கல்யாணம் ஆன சந்தோஷத்துல வந்தவனும் இருந்திருப்பான், குழந்தை பிறந்த வீட்டுக்காரனும் இருந்திருப்பான், அவங்களும் சேர்ந்து அந்த இருட்டைப் பாடியிருக்காங்க. நம்ம சபைகள்ல இப்ப துதிப் பாட்டு மட்டும்தான் மிஞ்சி இருக்கு, துக்கத்துல இருக்கறவங்க பாடறதுக்குன்னு ஒண்ணுமே வைக்கறதில்ல, அப்புறம் அவங்க ஏன் வரலைன்னு கேட்கறோம். இது உங்க குறை இல்லம்மா, எங்க எல்லாரோட குறை.

அதனால சொந்தமா ஜெபம் பண்ண வார்த்தை தேடாதீங்க. 88-ஐ சத்தமா வாசிங்க, 13-ஐ வாசிங்க, 22-ஐ வாசிங்க. 22-ஓட முதல் வரியைத்தான் இயேசு சிலுவையில சொன்னார், ஏன் என்னைக் கைவிட்டீர்னு. அவருக்கே அந்த நேரத்துல வந்தது பழைய பாட்டுல இருந்த ஒரு வரிதான். அந்த ஒரு வரியோட அன்னைக்கு ஜெபத்தை முடிச்சுக்கிட்டாலும் தப்பில்ல.

இப்ப வீட்ல இருந்தே காப்பாத்திக்கலாமாங்கற கேள்வி. இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே பேசறேன், மன்னிச்சுக்கங்க. உடம்பு முடியாதவங்க, நகர முடியாதவங்களுக்கு ஆன்லைன் ஆராதனை பெரிய உதவிதான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா நீங்க பாதியில ஆஃப் பண்ணினது யூடியூபுக்குத் தெரியாது. மூணு வாரம் நீங்க வரலைன்னா கவனிக்கறதுக்கு அங்க ஆள் கிடையாது. டீட்ரிஷ் போன்ஹோஃபர்னு ஒரு ஜெர்மன் போதகர், ஹிட்லர் காலத்துல ஃபிங்கன்வால்டேங்கற ஊர்ல போதகர் ஆகப்போற இளைஞர்களுக்கு ஒரு சின்ன இறையியல் பள்ளி நடத்தினார், 1937-ல ஹிட்லரோட ரகசியப் போலீஸ் கெஸ்டாப்போ அதை இழுத்து மூடிடுச்சு. அங்க சேர்ந்து வாழ்ந்த அனுபவத்தை வச்சு அவர் எழுதின சின்ன புத்தகம் 1939-ல வந்துச்சு. அதுல அவர் சொல்றதோட சாரம் என்னன்னா, என் இதயத்துல இருக்கற கிறிஸ்து பலவீனமா இருப்பார், என் சகோதரன் வாயால வர்ற கிறிஸ்து அதைவிட பலமா இருப்பார், அதனாலதான் எனக்கு இன்னொரு ஆள் தேவைப்படுதுன்னு. சும்மா சாய்வு நாற்காலியில உட்கார்ந்து எழுதின ஆள் இல்ல, 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவரைத் தூக்குல போட்டாங்க. விசுவாசத்தை ஒரு மனுஷன் தனக்குள்ளயே பத்திரமா வச்சுக் காப்பாத்திக்கற பொருளா அவர் நினைக்கவே இல்ல. நானும் நினைக்கல.

கொயர்ல பாடினவங்களுக்கு இது புரியும், ஒரு நீளமான சுரத்தை யாரும் ஒரே மூச்சுல இழுக்க முடியாது, ஒருத்தர் மூச்சு வாங்கறப்ப பக்கத்துல இருக்கறவர் பிடிச்சுக்குவார், கேட்கறவங்களுக்கு பாட்டு நிக்காது. இப்ப நீங்க மூச்சு வாங்கற நேரம். மத்தவங்க பாடட்டும். நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்கினாங்களே ஒரு திமிர்வாதக்காரனை, மாற்கு 2-ல. அங்க இயேசு அவங்க விசுவாசத்தைப் பார்த்தார்னுதான் இருக்கு. படுக்கையில இருந்தவன் என்ன நம்பினான், எவ்வளவு நம்பினான்னு அந்தக் கதை ஒரு வரிகூட சொல்லல.

சரி, "எல்லாம் நன்மைக்குத்தான்" சிஸ்டர்ஸ் விஷயத்துக்கு வரேன். கோபம் வர்றது நியாயம். பிள்ளைகள், சொத்து எல்லாம் இழந்த யோபுவோட சிநேகிதங்க மூணு பேர் முதல்ல வந்தப்ப ஏழு நாள் ராப்பகலா தரையில அவரோட உட்கார்ந்திருந்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அது வரைக்கும் பிரமாதம். அப்புறம் வாயைத் திறந்தாங்க, அதுக்கப்புறம் முப்பது அத்தியாயத்துக்கு மேல வாக்குவாதம்தான், கடைசியில கர்த்தரே வந்து நீங்க என்னைப் பத்திப் பேசினது சரியில்ல, என் தாசனாகிய யோபு பேசினதுதான் சரின்னு சொல்றார். இத்தனைக்கும் அவ்வளவு நேரம் கத்திக் கேள்வி கேட்டது யோபு, கடவுளுக்கு வக்காலத்து வாங்கினது அவங்க. இந்த வசனத்தை துக்க வீட்டுக்குப் போற ஒவ்வொருத்தரும் வாசல்ல நின்னு ஒரு தடவை படிச்சுட்டு உள்ள போனா நல்லாருக்கும்னு எனக்குத் தோணும்.

ஆனா ஒண்ணு, அவங்கள்ல பாதிப் பேர் கெட்ட எண்ணத்துல சொல்லல. பயத்துல சொல்றாங்க. அவங்க ஜெபமும்தானே கேட்கப்படல, அவங்க வீட்டுக்காரரும் நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போகலாம், உங்களைப் பார்க்கறப்ப அந்தப் பயம் வருது, அதை மூடறதுக்கு ஒரு வசனம். இது தெரிஞ்சா வலி குறையாது, ஆனா அவங்க முகத்தைப் பார்க்கறது கொஞ்சம் சுலபமாகும்.

லாசரு செத்த வீட்ல மார்த்தாளும் மரியாளும் இயேசுகிட்ட ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாங்க, நீர் இங்கே இருந்திருந்தா என் சகோதரன் மரிச்சிருக்க மாட்டான்னு. மார்த்தாள்கிட்ட உயிர்த்தெழுதலைப் பத்திப் பேசினார். மரியாள் அதையே சொல்லி அழுதப்ப பேசல, அவரும் கண்ணீர் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்ச ஆள், "எல்லாம் நன்மைக்குத்தான்"னு சொல்ல அவரைவிட தகுதியான ஆள் யாரு? அவரே சொல்லல. அழக்கூடாதுன்னு யாராவது சொன்னா யோவான் 11:35-ஐ மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடுங்க.

பாரமா இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலதான் எனக்கு உங்க மேல கொஞ்சம் கோபம். ஆதிச் சபையில முதல் முறையா ஆள் போட்டு ஒரு ஏற்பாடு பண்ணினது எதுக்குன்னு அப்போஸ்தலர் 6-ல பாருங்க. தினசரிப் பங்கீட்டுல சில விதவைகளை விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு வந்துச்சு, உடனே ஏழு பேரை அந்த வேலைக்குன்னே நியமிச்சாங்க, ஸ்தேவான் உட்பட. கட்டடம் கிடையாது, மைக் செட் கிடையாது, கமிட்டி கிடையாது, உங்களை மாதிரி இருக்கறவங்களைக் கவனிக்கத்தான் அந்த ஏற்பாடே வந்துச்சு. நீங்க வேண்டாம்னு சொல்லச் சொல்ல சபை தன் வேலையைச் செய்ய விடாம தடுக்கறீங்க. பவுல்கூட 2 தீமோத்தேயு கடைசியில சீக்கிரம் வா, துரோவாவுல விட்டுட்டு வந்த மேலங்கியைக் கொண்டு வா, புத்தகங்களைக் கொண்டு வா, மாரிக்காலத்துக்கு முன்னாடி வந்துடுன்னு கேட்கறார். எவ்வளவு பெரிய அப்போஸ்தலர், குளிருது போர்வை வேணும்னு வாய் விட்டுக் கேட்கறார்!

அதனால அடுத்த தடவை ஏதாவது வேணுமான்னு கேட்டா குறிப்பா ஒரு வேலையைச் சொல்லுங்க. பேங்க்ல அவர் அக்கவுண்ட் விஷயமா போகணும் கூட வர்றீங்களா, வியாழக்கிழமை சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கீங்களா பேச வேண்டாம், இப்படி. "ஜெபிச்சுக்கறேன் சிஸ்டர்"னு சொல்றவங்களுக்குக்கூட செய்யறதுக்கு ஒண்ணு கிடைச்சா நிம்மதியாத்தான் இருக்கும்.

சபைக்குப் போறது எப்படின்னா, லேட்டா போங்க, கடைசி வரிசையில உட்காருங்க, முடியறதுக்கு முன்னாடி எழுந்து வந்துடுங்க. பாட வேண்டாம். நம்பிக்கையான ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லி வச்சுக்கங்க, நான் வரேன், பக்கத்துல உட்காருங்க, யாராவது பேச வந்தா நீங்க பேசிச் சமாளிங்கன்னு. திருவிருந்து எடுக்கற நாள்ல எடுக்கத் தோணினா எடுங்க, தோணலைன்னா பக்கத்துல இருக்கறவங்க எடுக்கறதைப் பாருங்க. இப்படியெல்லாம் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தும் அங்க உங்க துக்கத்தை பாவம் மாதிரியோ விசுவாசக் குறைவு மாதிரியோதான் நடத்தறாங்கன்னா வேற சபைக்குப் போங்க, அதுல ஒரு குற்றமும் இல்ல. உங்க விசுவாசம் பத்தாததாலதான் சுகம் கிடைக்கலைன்னு யாராவது ஜாடையா சொல்லியிருந்தா (நீங்க எழுதல, ஆனா சொல்லியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்) அந்த ஆள்கிட்ட இருந்து இன்னைக்கே விலகுங்க.

சாட்சி? முடியாதுன்னு சொல்லிடுங்க. தேவன் நமக்குத் தர்ற ஆறுதலால நாம மத்தவங்களை ஆறுதல் படுத்தணும்னு 2 கொரிந்தியர் 1-ல இருக்குன்னு வசனம் காட்டுவாங்க, உண்மைதான், ஆனா முதல்ல உங்களுக்குக் கிடைக்கணும். சி. எஸ். லூயிஸ்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் 1940-லயே வேதனையைப் பத்தி அறிவுபூர்வமா ஒரு புத்தகம் எழுதினவர், 1960-ல அவர் மனைவி இறந்தப்ப எழுதின குறிப்புகள்ல தட்டற கதவை முகத்துல அறைஞ்சு மூடற மாதிரி இருக்குன்னு கடவுளைப் பத்தி எழுதினார், அதை அடுத்த வருஷம் வெளியிட்டப்ப தன் பேரைக்கூடப் போடல. அவராலயே மேடை ஏறிச் சொல்ல முடியாத விஷயம் அது. "இப்ப எனக்கு சாட்சி இல்ல, எப்பவாவது இருந்தா நானே வந்து சொல்றேன்"னு ஒரு மெசேஜ் போடுங்க, விளக்கம் எல்லாம் வேண்டாம்.

கடைசியா தூக்கம், உண்மையில முதல்லயே சொல்லியிருக்கணும். கர்மேல் மலையில அவ்வளவு பெரிய வெற்றி வந்த கையோட எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்து போதும் கர்த்தாவே என் உயிரை எடுத்துக்கொள்ளும்னு கேட்டார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு, போக வேண்டிய தூரம் அதிகம்னு. கர்த்தர் மெல்லிய சத்தத்துல பேசினது, கேள்வி பதில் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஏழு மாசம் தூங்காத உடம்புக்கு ஜெபம் வரலைன்னா அதை விசுவாசக் கணக்குல எழுதாதீங்க. இந்த வாரமே டாக்டரைப் பாருங்க, துக்கத்துக்கு கவுன்சிலிங் குடுக்கறவங்க இருந்தா அவங்களையும் பாருங்க. இருக்கவே வேண்டாம்ங்கற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாக்கூட அதை அப்படியே டாக்டர்கிட்டச் சொல்லணும், மறைக்கக்கூடாது, அன்னைக்கு ராத்திரி வீட்ல தனியாவும் இருக்கக்கூடாது. டாக்டர்கிட்டப் போறதுக்குத் துணைக்கு வரச் சொல்லி அந்த ஏதாவது வேணுமான்னு கேட்ட சிஸ்டர்ஸ்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க.