சந்தேகம் கேட்கத் தயங்கும் புதிய ஊழியருக்கு

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் சந்தேகம் கேட்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் ‘இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தாய்’ என்று நினைப்பார்களோ என்று ஒரு பயம், கேட்காமல் செய்தால் தப்பாகிவிடுமோ என்று இன்னொரு பயம். போன வாரம் துணிந்து போய்க் கேட்டபோது டீம் லீடர் ‘கொஞ்சம் யோசிச்சுட்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதிலிருந்து வாயே திறப்பதில்லை என்கிறீர்கள்.

அவர் ‘கேட்காதே’ என்று சொல்லவில்லையே, அம்மா. ‘இந்த ரிப்போர்ட்டை எப்படிச் செய்யணும் சார்?’ என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டுமானால், உங்களுக்கு எதுவரை தெரியும், எந்த ஃபைலைப் பார்த்தீர்கள், எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றெல்லாம் முதலில் அவர் உங்களிடம் விசாரிக்க வேண்டும். கையில் வேறு வேலை வைத்திருப்பவருக்கு அதற்குப் பொறுமை இருக்காது. அவர் சலித்துக்கொண்டது உங்கள் கேள்வி வந்த விதத்தைப் பார்த்து. அதை மாற்றிக்கொள்ளலாம். சில வாரங்கள் பழகினால் கைவந்துவிடும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் கேள்வி கேட்டது ஆசிரியர். பதில் சொன்னதற்குத்தான் உங்களுக்கு மதிப்பெண். நல்ல கேள்வி கேட்டதற்காக யாரும் மதிப்பெண் போட்டதில்லை. சொல்லித் தராத ஒன்று வேலையில் சேர்ந்த அன்றே எப்படி வந்துவிடும்?

ஆனால் அதே பள்ளியில் ‘வினா ஆறு வகைப்படும்’ என்று ஒன்றை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்தது. தேர்வோடு மறந்துபோன இந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள் என்று வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு. உங்களுக்கு இப்போது இதில் இரண்டு போதும். ஒன்றும் தெரியாத நிலையில் கேட்பது அறியாவினா. ‘பாம்போ, கயிறோ’ என்று கேட்பது ஐயவினா. பாம்போ கயிறோ என்று கேட்பவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டார். நீளமாக ஏதோ கிடக்கிறது, இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றவரைக்கும் வந்துவிட்டார். பதில் சொல்பவருக்கு மிச்சமிருப்பது ஒரே வார்த்தை. வேலையிடத்தில் எழும் பெரும்பாலான சந்தேகங்களை, அறியாவினாவாக இருக்கும்போதே தூக்கிக்கொண்டு ஓடாமல், ஐயவினாவாக்கிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். மாத விற்பனைக் கணக்கு என்கிறீர்கள். தாளைத் திறந்து பார்த்தால் தேதிக்கு இரண்டு பத்தி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி. எதை வைத்துக் கணக்கெடுப்பது என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம். அப்படியானால் கேள்வி இப்படி இருக்கலாம்: ‘சார், மாத விற்பனை ரிப்போர்ட் செய்துகொண்டிருக்கிறேன். பில் தேதியை எடுத்தால் 412 பதிவு வருகிறது, பணம் வந்த தேதியை எடுத்தால் 389. போன மாத ரிப்போர்ட்டைப் பார்த்தேன், அதில் பில் தேதியை எடுத்திருப்பது போலத் தெரிகிறது. இந்த மாதமும் அதையே எடுக்கவா, அல்லது பணம் வந்த தேதியா? வேறு ஏதாவது முறை இருந்தாலும் சொல்லுங்கள்.’ இதற்கு ‘பில் தேதியே எடும்மா’ என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகலாம். அதோடு, நீங்கள் பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்ததும், இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்த்ததும் அவர் காதில் விழுந்துவிடும். வேலை தெரியாத பெண் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கடைசியில் ‘வேறு முறை இருந்தாலும்’ என்று சேர்த்ததை விட்டுவிடாதீர்கள். நீங்கள் வைத்த இரண்டுமே தவறாக இருக்கலாம். இரண்டை மட்டும் நீட்டினால், அவசரத்தில் இருப்பவர் அதில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். ‘இது சரிதானே சார்?’ என்பது அதைவிட ஆபத்து. அதற்கு ‘ம்’ என்பதுதான் பதிலாக வரும்.

கேள்வியின் சொல் பதிலை வளைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். ‘நொறுங்க மோதிக்கொண்டபோது’ என்ற சொல்லோடு கேட்கப்பட்டவர்களிடமிருந்து சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்று பதில் வந்தது. ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல். பார்த்ததெல்லாம் ஒரே படங்கள். இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?’ என்று கேட்டபோது, முதலில் ‘நொறுங்க’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அதனால் நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைக் கேள்விக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ‘சரிதானே’ என்பதற்குப் பதில் ‘இதில் எங்கே தப்பு வரலாம் என்று பாருங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் உண்மையிலேயே தாளைப் பார்ப்பார்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘எக்செல்லில் இரண்டு தாளை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?’ என்று மட்டும் கேட்டால் அதற்கான வழியைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் தேடியது இரண்டு தாளிலும் இருக்கும் வாடிக்கையாளர் பெயர்களை என்றால், சேர்க்கவே தேவையில்லாமல் அதற்கு வேறு சுலபமான வழி இருக்கும். நோக்கத்தைச் சொல்லாததால் அரை நாள் போய்விடும். நன்றாக வேலை தெரிந்தவர்களே அடிக்கடி இதில் தடுக்கி விழுகிறார்கள்.

எவ்வளவு நேரம் சொந்தமாக முயன்றுவிட்டுக் கேட்பது? அரை மணி நேரம் என்பது என் கணக்கு. அதற்குள் பழைய மெயில், பழைய ஃபைல், பக்கத்து இருக்கையில் உள்ளவர், இணையம் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். அரை மணி கழிந்தும் நின்ற இடத்திலேயே நின்றால் எழுந்து போய்க் கேளுங்கள். மாலை வரை திணறுவது உழைப்பாகாது. சில விஷயங்களில் அரை மணிகூடக் காத்திருக்கக் கூடாது: பணம் வெளியே போகும்போது, எதையாவது அழிக்கும்போது, வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும்போது, யாருடைய உடம்புக்கோ உயிருக்கோ சம்பந்தப்படும்போது. அங்கே பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

அசட்டுத்தனமாகத் தோன்றும் கேள்விகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாசா அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட தரப்பு நியூட்டன் என்ற வேறு அலகு என்று எடுத்துக்கொண்டது, பாதைக் கணக்கே தவறிவிட்டது. அவ்வளவு பெரிய படிப்பாளிகள் நடுவே ‘இந்த எண் எந்த அலகில் இருக்கிறது?’ என்று கேட்கப் பள்ளி மாணவர் போதும். எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில்தான் இப்படி ஓட்டை விழும். புதிதாக வந்தவர் கண்ணுக்குத்தான் அது முதலில் படும். அலகு எது, இந்தச் சுருக்கெழுத்துக்கு என்ன அர்த்தம், ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றால் காலையா மாலையா, கடைசி ஒப்புதல் யாருடையது: இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். ஆறு மாதம் போனபின் கேட்கத்தான் கூச்சமாக இருக்கும். இப்போது உங்களுக்கு அந்த உரிமை முழுசாக இருக்கிறது.

‘ஏன்’ என்ற கேள்வியைக் கொஞ்சம் பக்குவமாகக் கையாளுங்கள். டொயோட்டா தொழிற்சாலையில் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் ஒரு பழக்கத்தை, அங்கே உற்பத்தி முறையை வகுத்த பொறியாளர் தாய்ச்சி ஓனோ விளக்கியிருக்கிறார். இயந்திரம் நின்றது ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருந்தது. முதல் ‘ஏனோ’டு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், அடுத்த மாதம் மறுபடி நின்றிருக்கும். கவனியுங்கள், இந்த ஐந்து கேள்வியில் ஒன்றுகூட ஆளைக் குறித்துக் கேட்கப்படவில்லை. ‘நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று மூத்தவரிடம் கேட்டால் குற்றம் சாட்டுவதாகத்தான் அவர் காதில் விழும். ‘இந்த முறை எப்படி வந்தது சார், காரணம் தெரிந்தால் நானும் அதன்படி செய்வேன்’ என்றால் உட்கார வைத்துச் சொல்லுவார்.

சின்ன விஷயங்கள் சில. மெசேஜில் ‘ஹாய் சார், ஒரு டவுட்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கேள்வியை முழுசாக அதே மெசேஜில் எழுதுங்கள். பதிலை நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். எழுந்து வருமுன் ‘நான் புரிந்துகொண்டது இது’ என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் எரிந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டால் கேலி செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை உள்ள குழுக்களில்தான் கற்றுக்கொள்வது நன்றாக நடக்கிறது என்று காட்டினார். அந்த நம்பிக்கையை உண்டாக்க வேண்டியது பெரும்பாலும் குழுவை நடத்துகிறவர். அது இல்லாவிட்டால் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் ‘யோசிச்சுட்டு வா’ என்ற ஒரு வார்த்தையை வைத்து உங்கள் டீம் லீடரை அந்தக் கணக்கில் சேர்ப்பது அவசரம். நான் சொன்னபடி யோசித்து, எழுதி எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள். அப்போதும் அதே முகம்தான் என்றால், அதே வேலையை இரண்டு மூன்று வருடமாகச் செய்யும் ஒருவரைத் தேடிப் பழகுங்கள். புதிதாக இருந்தபோது பட்ட பாடு அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்காமல் சொல்லித் தருவார்கள்.